அருகிருப்போரின் அமானிதம்
நூரி பில்கே ஜெய்லானின் படங்களில் தோற்ற கலைஞனும் அவன் உறவினரும்

கலைஞனின் தோல்வியைச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் உலகத்தின் மீது குற்றம் சுமத்துபவை. பணம் கிடைக்கவில்லை, தயாரிப்பாளர் கைவிட்டார், ஊர் புரிந்துகொள்ளவில்லை, தந்தை தடுத்தார் என்று அவற்றில் ஒரு பட்டியல் நீளும். பட்டியலின் முடிவில் கலைஞன் மட்டும் மாசற்றவனாக எஞ்சி நிற்பான். துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லான் 1997க்கும் 2002க்கும் இடையில் எடுத்த மூன்று படங்களிலும் இத்தகைய பட்டியல் இல்லை. அவற்றில் திரைப்படம் எடுக்க நினைக்கும் மனிதனை எவரும் தடுப்பதில்லை. பெற்றோர் அவனுக்காக நடித்துத் தருகிறார்கள். உறவுக்கார இளைஞன் வேலையை விட்டுவிட்டு அவனுக்கு உதவ வருகிறான். ஆயினும் அவன் தோற்கிறான். அந்தத் தோல்வி எங்கே நிகழ்கிறது என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் கேள்வி.

ஜெய்லான் 1959இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். அவருடைய இளமையின் ஒரு பகுதி சானக்கலே மாகாணத்தின் யெனிஜே என்னும் சிற்றூரில் கழிந்தது. தந்தை வேளாண் துறையில் பணியாற்றியவர். போகாசிச்சி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்ற ஜெய்லான், ஒளிப்படக்கலையில் ஈடுபட்டு, முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னரே முதல் குறும்படத்தை எடுத்து முடித்தார். 'கோஸா' என்னும் அக்குறும்படம் 1995இல் கான் விழாவில் காட்டப்பட்டது. 1997இல் 'கஸபா' வந்தது. சிறு நகரம் எனப் பொருள்படும் இந்த அரபுச் சொல் நமக்கு அந்நியமானதன்று. வேலூரிலும் ஆம்பூரிலும் 'கஸ்பா' என இன்றும் ஊர்ப் பகுதிகளின் பெயராக வழங்குவதும் இதுவே. 1999இல் 'மே மாதத்துச் சலிப்பு' எனப் பொருள்படும் 'மாயிஸ் சிகின்டிசி'யும், 2002இல் 'தொலைவு' எனப் பொருள்படும் 'உஸாக்'கும் வெளிவந்தன. மூன்றிலும் நடித்தவர்களில் மிகப்பலர் தொழில்முறை நடிகரல்லர். இயக்குநரின் தாய், தந்தை, உறவினர், நண்பர் ஆகியோரே. 'உஸாக்'கின் பெரும்பகுதி இயக்குநர் குடியிருந்த வீட்டிலேயே படமாக்கப்பட்டது.

இந்தத் தகவலை வெறும் தயாரிப்புச் செய்தியாகக் கடந்துவிட இயலாது. சொந்தத் தாய் தந்தையரின் முகங்களைத் திரையில் வைத்துக்கொண்டே, பெற்றோரின் முகங்களைப் படத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு மகனைப் பற்றி ஜெய்லான் படமெடுத்திருக்கிறார். அப்படியாயின் அக்கதை சுமத்தும் குற்றம் முதலில் சென்று சேருமிடம் எது என்று நாம் கேட்டாக வேண்டும்.

'மாயிஸ் சிகின்டிசி'யின் நாயகன் முஸஃபர். நகரத்திலிருந்து ஊருக்கு வந்திருக்கிறான். பெற்றோரையும் உறவினரையும் நடிக்கவைத்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது அவன் திட்டம். அவன் தந்தை எமீனுக்கோ வேறு கவலை. தாம் நெடுங்காலமாகப் பேணி வளர்த்த மரங்கள் நிற்கும் நிலத்தை அரசின் நில அளவையாளர்கள் காடு எனப் பதிவு செய்துவிடுவார்களோ என்று அஞ்சி, சட்ட விதிகளைப் படிக்கிறார், மனு எழுதுகிறார், அதிகாரிகளின் வருகைக்குக் காத்திருக்கிறார். மகனுடைய பேச்சு படத்தைப் பற்றியது. தந்தையின் பேச்சு மரங்களைப் பற்றியது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். ஆனால் ஒருவர் சொல்வது மற்றவரின் செவியில் விழுவதில்லை.

இதே படத்தில் அலீ என்னும் சிறுவன் வருகிறான். இசை எழுப்பும் கைக்கடிகாரம் ஒன்று வேண்டுமென்பது அவன் ஆசை. அதற்கு விதிக்கப்படும் நிபந்தனை வேடிக்கையானது: ஒரு கோழிமுட்டையை உடையாமல் நாற்பது நாள் சட்டைப்பையில் சுமந்து திரியவேண்டும். பொறுப்பைக் கற்றுக்கொள்ளட்டும் என்பதே உட்கருத்து. சிறுவன் பையில் கைவைத்துப் பார்த்துப் பார்த்து நடக்கிறான். வேறொருவரின் சுமையைத் தூக்கிச் செல்லும் வழியில் முட்டை உடைந்துவிடுகிறது. அவன் மற்றொரு முட்டையை எடுத்துப் பையில் இட்டுக்கொள்கிறான்.

நம் மரபில் இதற்குரிய சொல் அமானிதம். ஒப்படைக்கப்பட்டதை, ஒப்படைத்தவர் காணாதபோதும் காத்தல். இப்படத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அமானிதம் இருக்கிறது. தந்தைக்கு மரங்கள், சிறுவனுக்கு முட்டை. முஸஃபருக்குத் தரப்பட்டது எது என்பதை அவன் மட்டும் அறியாதிருக்கிறான். அது ஸஃபத் என்னும் உறவுக்கார இளைஞனின் நம்பிக்கை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவன் ஸஃபத். ஆலை வேலையில் மனம் ஒட்டாதவன். படம் எடுக்க வந்த முஸஃபர் தன்னை இஸ்தான்புல்லுக்கு அழைத்துச் செல்வான் என்று நம்பி, வேலையை உதறிவிட்டு அவனுக்குத் துணையாக ஓடியாடி உழைக்கிறான். முஸஃபர் அவனுக்கு எந்த உறுதியும் கொடுக்கவில்லை. அதே சமயம் அந்த நம்பிக்கையை ஆரம்பத்திலேயே கலைக்கவும் இல்லை. படப்பிடிப்புக்கு அது தேவையாக இருந்தது. வேலை முடிந்த பிறகு, நகரத்தில் வாழ்வது எளிதன்று, ஊரிலேயே இருந்துகொள் என்று அறிவுரை சொல்கிறான். உடைந்த முட்டைக்குப் பதில் வேறு முட்டை வைத்த சிறுவனின் பிழை சிறியது. உடைந்ததையே உணராத பெரியவனின் பிழை எத்தகையது என்று படம் கேட்காமல் கேட்கிறது.

'உஸாக்' இந்தக் கணக்கைத் தொடர்ந்து எழுதுகிறது. இங்கே நாயகனின் பெயர் மஹ்மூத். 'மாயிஸ் சிகின்டிசி'யில் முஸஃபராக நடித்த முஸஃபர் ஓஸ்தெமிரே மஹ்மூதாகவும் நடிக்கிறார். ஸஃபத்தாக நடித்த மெஹ்மத் எமீன் தொப்ராக் இப்போது யூசுஃப். முந்தைய படத்தில் அழைத்துச் செல்லப்படாத இளைஞன் இந்தப் படத்தில் தானாகவே புறப்பட்டு வந்துவிட்டான் என்று நாம் கொள்ளலாம். ஊரில் ஆலை ஆட்குறைப்புச் செய்ததால் வேலையிழந்து, கப்பலில் பணி தேடி இஸ்தான்புல்லின் பனிக்காலத்தில் வந்து இறங்குகிறான். தங்குமிடம் மஹ்மூதின் வீடு.

மஹ்மூத் ஒரு காலத்தில் தார்க்கோவ்ஸ்கியைப் போலப் படமெடுப்பேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது தரை ஓடு தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஓடுகளை ஒளிப்படம் எடுத்துக் கொடுக்கிறான். வருமானம் உண்டு, மனைவி பிரிந்து சென்றுவிட்டாள். நண்பர்கள் கூடியிருக்கும் ஓர் இரவில் பழைய கனவை ஒருவர் நினைவூட்டும்போது, ஒளிப்படக்கலையே முடிந்துவிட்டது என்ற பொருளில் எதையோ சொல்லித் தப்பிக்கிறான். கலை முடிந்துவிட்டது என்று சொல்வது, நான் முடிந்துவிட்டேன் என்று சொல்வதைவிட எளிது.

அவனுடைய தோல்வியை இயக்குநர் விளக்கிச் சொல்வதில்லை. இரண்டு காட்சிகள் போதுமானவையாக இருக்கின்றன. ஒன்றில் அவன் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' படத்தைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு அமர்ந்திருக்கிறான். இருப்புப்பாதை வண்டியில் மூவர் நெடுநேரம் மௌனமாகச் செல்லும் பகுதி அது. அருகில் அமர்ந்திருக்கும் யூசுஃப் சலிப்படைந்து உறங்கச் செல்கிறான். அவன் சென்றதும் மஹ்மூத் அந்தப் படத்தை நிறுத்திவிட்டு ஆபாசப் படமொன்றை ஓடவிடுகிறான். திரையரங்குகளில் சிரிப்பை எழுப்பும் இக்காட்சி உண்மையில் கொடியது. தான் வழிபட்ட ஆசானின் கலையை விருந்தாளியை விரட்டும் கருவியாக ஒருவன் பயன்படுத்துகிறான். உயர்ந்த ரசனை இங்கே ஒரு வேலியாகிவிட்டது. கல்வியும் கலையும் உற்றாரிடமிருந்து நம்மைப் பிரித்து உயர்த்திக் காட்டுவதற்கென்றே அமைந்தவை எனக் கருதும் எவரும் இக்காட்சியைக் கண்டு வெட்கமுறாமல் இருக்க முடியாது.

மற்றொரு காட்சி அனத்தோலியாவில். ஒளிப்படப் பணிக்காக மஹ்மூத் யூசுஃபை உதவிக்கு அழைத்துச் செல்கிறான். காரில் செல்லும் வழியில் மேய்ச்சல் ஆடுகளும் நீர்ப்பரப்பும் மாலை ஒளியுமாக ஓர் அற்புதக் காட்சி தென்படுகிறது. இதைப் படமெடுத்திருக்க வேண்டும் என்கிறான் மஹ்மூத். நிறுத்துவோம், நான் கருவியை எடுத்து வைக்கிறேன் என்கிறான் யூசுஃப். மஹ்மூத் சற்றுத் தயங்கி, வேண்டாம் விடு என்கிறான். பணமோ காலமோ தயாரிப்பாளரோ அங்கே தடையாக இல்லை. உதவிக்கு ஆளும் அருகிலேயே இருந்தது. கனவு கைவிடப்படுவது இத்தகைய சிறு சோம்பல்களால்தான் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு காட்சியை நாம் அறியோம். கருவியை எடுத்து வைக்கிறேன் என்று சொன்னவன், கலையைப் பற்றி எதுவும் அறியாத யூசுஃப் என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது.

இனி, இப்படத்தின் மையமென நாம் கருதும் கடிகாரக் காட்சிக்கு வருவோம். மஹ்மூதின் வெள்ளிக் கடிகாரம் ஒன்று காணாமற்போகிறது. அவன் வீட்டையே கலைத்துப் போட்டுத் தேடுகிறான். யூசுஃபிடம் கேட்கும் தொனியிலேயே ஐயம் வெளிப்படுகிறது. யூசுஃப் தான் எடுக்கவில்லை என்று மன்றாடுகிறான். அப்போது மஹ்மூதே வைத்துவிட்டு மறந்த ஒரு பெட்டிக்குள் கடிகாரம் அகப்படுகிறது. கிடைத்துவிட்டது என்ற ஒரு சொல்லை அவன் சொல்வதில்லை. பெட்டியை மூடிவிட்டு, போகட்டும் விடு என்று நகர்ந்துவிடுகிறான். யூசுஃப் திருடன் என்ற ஐயத்தின் கீழேயே நிற்கிறான்.

அந்த இளைஞனின் பெயர் யூசுஃப் என்பதை நம் வாசகர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. இயக்குநர் இதைக் கருதியே பெயரிட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனுண்டு. திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயமும் உறவினரால் கைவிடப்பட்ட ஓர் இளைஞனின் வரலாறு. அங்கும் காணாமற்போன ஒரு பொருள் உண்டு. அரசனின் அளவைக் குவளை. அது தம்பியின் பொதியில் அகப்படும்போது, இவனுடைய சகோதரனும் முன்பு திருடியவன்தான் என்று அண்ணன்மார் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு எதிரே நிற்பவர் அந்தச் சகோதரரே. பழிச்சொல்லை யூசுஃப் நபி தம் உள்ளத்துக்குள் மறைத்துக்கொள்கிறார். ஆனால் அந்த வரலாறு அங்கே நின்றுவிடுவதில்லை. உண்மை வெளிப்படுகிறது, அண்ணன்மார் தம் தவற்றை ஒப்புக்கொள்கிறார்கள், வலிமையுள்ள இடத்தில் இருப்பவர் பழிவாங்காமல் மன்னிக்கிறார், பிரிவால் கண்ணொளி இழந்த தந்தை மீண்டும் பார்வை பெறுகிறார்.

'உஸாக்'கில் அந்த இறுதிப் பகுதி முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறது. பழி இருக்கிறது; பழியைத் துடைக்கும் சொல் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால் இரு மனிதர்களுக்கிடையே எல்லாம் மாறியிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டது மஹ்மூதின் கொடுமை என்பதைவிடக் கூச்சம் என்பதே பொருந்தும். தவறினேன் என்று தன்னைவிடச் சிறியவனிடம் சொல்ல நா எழாத அந்தக் கூச்சத்தை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். இரத்த உறவைப் பேணுதல் என நாம் பயான்களில் கேட்டு வளர்ந்த கடமை, பெரும்பாலும் இத்தகைய சிறு வாக்கியங்களில்தான் நிறைவேறுகிறது அல்லது முறிகிறது.

இருவருக்கும் இடையிலான வேறுபாட்டைப் படம் வேறு சில இடங்களிலும் அளந்து காட்டுகிறது. மஹ்மூதின் தாய் தொலைபேசியில் அழைக்கிறார், அவன் எடுப்பதில்லை. பதிவுக் கருவியில் குரல் ஒலிக்க, அதைக் கேட்டபடியே அமர்ந்திருக்கிறான். தாய் மருத்துவமனையில் இருக்கும் செய்தி அவனுக்குத் தாமதமாகவே தெரியவருகிறது. வேலையற்ற யூசுஃபோ இரவில் ஊருக்குத் தொலைபேசியில் பேசித் தாயின் நலம் விசாரிக்கிறான். வீட்டுக்குள் ஓடும் எலியைப் பிடிக்க மஹ்மூத் பசைத்தாள் வைத்திருக்கிறான். ஓரிரவு எலி அதில் ஒட்டிக்கொண்டு கதறுகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மஹ்மூதின் எண்ணம். யூசுஃப் அதைப் பையிலிட்டு வெளியே கொண்டுசென்று, பூனைகள் நெருங்குவதைக் கண்டு, சுவரில் அடித்துக் கொல்கிறான். கருணையுடையவனின் கைதான் அங்கே கறைபடுகிறது.

யூசுஃபை ஓர் அப்பாவியாகவும் இயக்குநர் காட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவன் வேலை தேடுவதில் ஊக்கம் குன்றுகிறான். வீட்டு ஒழுங்கை மதிக்காமல் புகைக்கிறான். தெருவில் பெண்களைப் பின்தொடர்கிறான். விருந்தோம்பலின் கடமை மூன்று நாள் என்று நபிமொழி வரம்பு வகுத்திருப்பது விருந்தாளிக்கும் சேர்த்தே. இந்த நடுநிலைமை படத்துக்கு வலிமை சேர்க்கிறது. பொறுக்க எளிதானவரைப் பொறுப்பது பெரிய அறமன்று.

இங்கே ஒரு மறுப்பையும் நாம் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. தன் குற்றத்தைத் திரையில் காட்டிய கலைஞன் அதனாலேயே அக்குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுகிறானா? 'உஸாக்' 2003ஆம் ஆண்டு கான் விழாவில் பெரும் பரிசைப் பெற்றது. சிறந்த நடிகருக்கான விருது ஓஸ்தெமிருக்கும் தொப்ராக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொள்ளத் தொப்ராக் உயிருடன் இல்லை. இயக்குநரின் உறவினரான அந்த இளைஞர் 2002 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். கலைஞனால் கவனிக்கப்படாத உறவினனாக நடித்தவருக்கு உலகத்தின் கவனம் கிடைத்தது, அவர் மறைந்த பின்னர். இதில் எவர் மீதும் குற்றமில்லை. எனினும் ஒரு படம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதில் முகம் கொடுத்தவர்களுக்குரிய கடனை அது தானாக அடைத்துவிடாது என்பதை இந்நிகழ்வு நினைவூட்டுகிறது. ஒப்புக்கொள்வது தவ்பாவின் ஒரு பகுதிதான். உரியவரிடம் உரிமையைத் திருப்பிச் சேர்ப்பது மறுபகுதி.

மற்றொரு குறையும் சொல்லத்தக்கது. 'உஸாக்'கில் பெண்கள் ஏறத்தாழ எல்லாரும் மூடிய கதவுக்குப் பின்னாலோ தொலைபேசியின் மறுமுனையிலோ இருக்கிறார்கள். மஹ்மூதின் முன்னாள் மனைவி நஸான் கனடாவுக்குப் புறப்படும்போது, அவன் விமான நிலையத்தில் மறைந்து நின்று பார்க்கிறான். அவளுடைய இழப்பு அவனுடைய துயரத்தின் ஓர் அங்கமாகவே நமக்குக் காட்டப்படுகிறது. அருகிலிருப்போரைக் காணாத கலைஞனை விமர்சிக்கும் படமே, அவனுக்கு மிக அருகில் வாழ்ந்தவளை முழுமையாகக் காணவில்லை.

இந்த மறுப்புகளுக்கு ஜெய்லான் அளித்த பதிலென்று 2018இல் வந்த 'ஆஹ்லாத் ஆஜி' என்னும் 'காட்டுப் பேரி மர'த்தை நாம் வாசிக்கலாம். இதன் இளைஞன் ஸினான் எழுத்தாளனாக விரும்புபவன். எனினும் முஸஃபரின் வாரிசுதான். தந்தை இத்ரீஸ் பள்ளி ஆசிரியர். குதிரைப் பந்தயத்தில் பணத்தைத் தொலைத்துக் கடனில் மூழ்கியவர். கிராமத்தில் நீர் வராத ஒரு கிணற்றைத் தோண்டிக்கொண்டிருப்பவர். மகன் அவரை மதிப்பதில்லை. தந்தை நேசித்த நாயை விற்று, அப்பணத்தைக் கொண்டு நூலை அச்சிடுகிறான். இராணுவச் சேவை முடிந்து திரும்பி வந்து பார்க்கும்போது, புத்தகக் கடையில் ஒரு படிகூட விற்கவில்லை. வீட்டில் வைத்த படிகளில் ஈரம் ஏறியிருக்கிறது. தாயும் தங்கையும் படிக்கவில்லை. படித்த ஒரே மனிதர் தந்தை. நூலைப் பற்றிய செய்தித்தாள் துணுக்கையும் தம் பணப்பைக்குள் வைத்திருக்கிறார்.

தொலைவிலுள்ள வாசகர்களை எண்ணி எழுதியவனுக்கு வாய்த்த வாசகர் அவன் வெறுத்து ஒதுக்கிய மனிதர். முஸஃபர் தந்தையின் மரங்களைக் காணவில்லை. மஹ்மூத் தாயின் குரலுக்கு மறுமொழி தரவில்லை. ஸினானிடம் வரும்போது தந்தை மகனைக் கண்டுவிடுகிறார். படத்தின் முடிவில், தந்தையே கைவிட்ட அந்தக் கிணற்றுக்குள் மகன் இறங்கித் தோண்டுகிறான். நீர் வருமா என்பது அங்கே கேள்வியன்று. யூசுஃபின் வரலாறு உறவினர் அவரைக் கிணற்றில் தள்ளுவதில் தொடங்குகிறது. இங்கே ஒருவன் உறவின் பொருட்டுத் தானே கிணற்றில் இறங்குகிறான். 'உஸாக்'கில் நீக்கப்பட்ட இறுதிப் பகுதி பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வடிவில் எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

ஆகவே இப்படங்களில் கலைஞனின் தோல்வி எங்கே நிகழ்கிறது என்ற கேள்விக்கு நாம் காணும் விடை இது. எடுக்கப்படாத படமும் விற்காத நூலும் தோல்வியின் வெளித்தோற்றங்கள் மட்டுமே. மேசையின் எதிர்ப்புறத்தில் மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரைக் கேளாத செவியில், கடிகாரம் கிடைத்ததைச் சொல்லாத நாவில் அது முன்பே நிகழ்ந்துவிட்டது. காண்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அருகிலுள்ளவரைக் காண இயலாமற்போனால், ஆடுகள் மேயும் மாலை ஒளியும் அவனுக்குக் கிட்டாது. இப்படங்களைப் பார்க்கும் இளைஞர்கள் ஒளியமைப்பையும் நீண்ட மௌனங்களையும் கற்றுக்கொள்ளக்கூடும். அத்துடன், எடுக்காமல் விட்ட தொலைபேசி அழைப்பு ஒன்று தம்மிடமும் நிலுவையில் உண்டா என்று எண்ணிப் பார்ப்பார்களாயின், ஜெய்லானிடமிருந்து பெறவேண்டியதைப் பெற்றவர்களாவார்கள்.